அந்த ஒரு வாய் மீன்

ஹைஃபா
ஜூன் 9

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவது:

1. நெத்தானியா உணவகத்தில் அன்று சாயங்காலம் நடந்தது, என் கண்ணில் பட்ட அளவில்.
2. மீனையும் பாலையும் பற்றி நான் சொன்னது, அதை ஏன் சொன்னேன் என்பது.
3. தீர்ஸா அந்த ஒரு வாய் மீனை ஏன் சாப்பிட்டாள்.
4. உங்களிடம் ஒரு வேண்டுகோள்.

எண் போட்டு எழுதுவதற்கு மன்னியுங்கள். காலமெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்தியவனுக்கு வேறு விதமாக எழுத வராது. தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு முறை அழைத்தேன். நீங்கள் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டேன். அது நான்தான்.

முதலாவது. உணவகத்தைத் தேர்ந்தெடுத்தது நான். உங்கள் மகன் எலியாவ் பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு, அவனும் என் மகள் தீர்ஸாவும் ஒரே மேசையில் உட்காரப்போவது அன்றுதான். அதனால் எதிலும் குறை வரக்கூடாது என்று நினைத்தேன். அஷ்தோதுக்கும் ஹைஃபாவுக்கும் நடுவில் இருக்க வேண்டும், கடல் தெரிய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் நம் யூத உணவு விதிக்கு உத்தரவாதமாக, நீங்கள் சந்தேகப்படாத கோஷர் சான்றிதழ் சுவரில் இருக்க வேண்டும். முந்தின வாரமே பேருந்தில் போய் அதைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி. விலையைப் பார்த்தால் நீங்கள் எல்லோரும் ரொட்டியும் சாலட்டும் போதும் என்பீர்கள் என்று பயந்து, நால்வருக்கும் என்ன வர வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அந்த இடத்தின் பெருமை என்று அவர்கள் சொன்னது டெனிஸ் என்ற கடல் மீன், வெண்ணெயிலும் பாலேட்டிலும் வேகவைத்தது. நம் சட்டத்தில் பாலோடு சேரக்கூடாதது இறைச்சிதான், இதுவோ இறைச்சி நுழையாத சமையலறை. ஆகவே பால் இருக்கலாம். எங்கள் வீட்டில் நான் பிள்ளையாக இருந்த நாளிலிருந்தே அப்படித்தான் சாப்பிட்டோம்.

மொரோக்கோவிலிருந்து வந்த உங்கள் பக்கத்து மக்கள் மீனோடு பால் சேர்ப்பதில்லை என்பது எனக்குத் தோன்றவேயில்லை. ஏழு வருடமாக உங்கள் வெள்ளிக்கிழமை மீனைச் சாப்பிட்டிருக்கிறேன். அதில் மிளகாய் இருந்தது, கொத்தமல்லி இருந்தது, கொண்டைக்கடலை இருந்தது. இருக்கிற பிழையைக் கண்டுபிடிப்பேன். இல்லாத ஒன்றைக் கவனிக்க எனக்குத் தெரியாது.

தட்டுகள் வந்தன. நீங்கள் உங்கள் தட்டை இரண்டு விரலால் நகர்த்தினீர்கள். எலியாவ் தன் தட்டின் மேல் கைத்துணியைப் போட்டு மூடினான்.

இரண்டாவது. மௌனத்தை என்னால் தாங்க முடியாது. அதனால்தான் அந்த விஷயத்தைச் சொன்னேன். பழைய சட்ட நூல் ஒன்றில் "மீனை இறைச்சியோடு உண்ணாதே, ஆபத்து" என்று இருக்க வேண்டிய இடத்தில், கை தவறி "பாலோடு" என்று விழுந்துவிட்டதாகச் சிலர் கருதுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இந்த வழக்கமே ஓர் எழுத்துப் பிழையில் பிறந்தது. வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்தேன். எலியாவ் என்னைப் பார்த்த பார்வையில்தான் வேடிக்கையாக இல்லை என்று தெரிந்தது. அதற்குள் வாக்கியத்தின் பாதியில் இருந்தேன். பாதியில் நிறுத்த எனக்கு வராது.

மூன்றாவது. அப்போதுதான் தீர்ஸா முள்கரண்டியை எடுத்தாள். உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்கள் வழக்கத்தை அவள் மீறியதில்லை என்று நீங்களே பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவள் ஒரு வாய் எடுத்து மென்று விழுங்கினாள். எலியாவ் எழுந்து வெளியே போனான். நீங்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனீர்கள்.

அவள் எனக்காகச் சாப்பிட்டாள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் சந்தேகப்படாத விஷயங்கள் மிகக் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். அவள் அம்மா இறந்த வருடம் நான் முட்டையைக் கருக்கித் தருவேன். "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிச் சாப்பிடுவாள். அன்றும் அதே இரக்கம்தான். அப்பன் தனியாக அவமானப்பட வேண்டாம் என்று நினைத்திருக்கிறாள். அதில் எலியாவுக்கு எதிராக ஒன்றும் இல்லை.

நான்காவது. இதை அவனிடம் சொல்லுங்கள். விவாகரத்துக்கு மனுப் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். தப்பு என்னுடையது. அதற்காக அவர்கள் இருவரும் பிரிய வேண்டாம்.

தங்கள்,
எல்ஹனான் விட்கின்

*

அஷ்தோத்
ஜூன் 15

சம்பந்தி,

கடிதம் வந்துச்சு. நாலு நம்பர் போட்டு, மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதின மாதிரி.

ஹலோன்னா வெக்கிறது நீங்கதானா? எவனோ பொறுக்கின்னு நெனச்சு ரெண்டாவது தடவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். காதுல விழுந்திருந்தா அது உங்களுக்கு இல்ல. இப்ப உங்க கடிதத்தைப் படிச்ச பிறகு, உங்களுக்கே இருக்கட்டும்.

சான்றிதழைக் கண்ணாடி போட்டுப் படிச்சீங்க. எங்க மூஞ்சியை யார் படிக்கிறது? ஒரு போன் பண்ணி "மெஸ்ஸோதி அம்மா, நீங்க மீன் எப்படிச் சாப்பிடுவீங்க"ன்னு கேட்டிருந்தா ஆகாதா? கேக்க மாட்டீங்க. கூச்சம். உங்க கூச்சத்துக்கு நாங்க எல்லாரும் வாடகை கட்டுறோம்.

எழுத்துப் பிழைன்னு சொன்னீங்க. இருக்கட்டும். நான் துணிக்கடை வெச்சுப் பொழச்சவ, படிச்சவங்களோட வாதாட வரல. ஆனா எங்க வீட்டுக்காரர் மக்லூஃப் சாகுற வரைக்கும் மீன் வெச்ச மேசையில பால் டம்ளர் வெச்சதில்ல. ஆஸ்பத்திரியில கடைசி வாரம், ஒண்ணுமே இறங்கல, நர்ஸ் மீனும் தயிரும் கொண்டாந்து குடுத்தா. வேண்டாம்னு தலையை ஆட்டினார். அந்தத் தலை ஆட்டினதுதான் எலியாவ் பார்த்த கடைசி அப்பா. அந்தப் பிள்ளைகிட்ட போய், "உங்கப்பன் நம்பினது அச்சுக்கோளாறு"ன்னு வெள்ளைத் துணி விரிச்ச மேசையில உக்காந்து சொல்றீங்க. உங்களுக்குத் தெரியாது, சரி. தெரியாத இடத்துல வாயை மூடிக்கிட்டு இருக்கலாமே.

மூணாம் நம்பருக்கு வரேன். தீர்ஸா உங்களுக்காகச் சாப்பிட்டாளாம். சம்பந்தி, நீங்க நல்ல மனுஷன். ஆனா பயந்த மனுஷங்களுக்கு ஒரு புத்தி உண்டு, ஊர்ல நடக்கிறதெல்லாம் தன்னாலதான்னு நெனப்பாங்க. அவ என் மகனைப் பாத்துச் சாப்பிட்டா. நான் எதிர்ல உக்காந்திருந்தேன், எனக்குத் தெரியும். "இனி நான் உன் வீட்டுக்காரி இல்ல"ன்னு வாயால சொல்லாம வாயாலயே சொன்னா.

அவளைத் திட்ட எனக்கு மனசு வரல, அதையும் எழுதிடறேன். மூணு தடவை வயித்துல தங்கல. முதல் தடவை ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. ரெண்டாவது தடவை தனித்தனியா அழுதாங்க. மூணாவது தடவை அவன் வேலைக்குப் போயிட்டான், அவ ஜன்னலைத் துடைச்சா. நான் ரெஹோவோத்துல அவங்க வீட்ல சூப் சட்டியோட நின்னு பாத்தேன்.

இப்ப அவன் என் ஹால் சோபாவுல படுத்திருக்கான், கால் ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு. சாப்பிடுறான், துறைமுகத்துக்குப் போறான், வர்றான். மனுப் போட்டாச்சு. நிறுத்துடான்னு சொல்ல எனக்கு ஆசைதான். எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

மெஸ்ஸோதி அபுத்புல்

*

ஹைஃபா
ஜூன் 22

சம்பந்தி அம்மாவுக்கு,

இந்த முறை எண்கள் இல்லை. அதனால் முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மக்லூஃப் அவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. மன்னிப்பு என்று எழுதினேன், அடித்தேன். அந்தச் சொல் அந்த இடத்துக்குப் போதவில்லை. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

"நிறுத்துடான்னு சொல்ல எனக்கு ஆசைதான்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பவும் நெத்தானியாவுக்குப் போனேன். மேசை பரிமாறுகிறவர்களுக்குத் தலைவர் அவ்னேர் என்று ஒருவர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஐயா, போன தடவை நாலு தட்டு போச்சு, நாலும் அப்படியே திரும்பி வந்துச்சு. ஒண்ணுல மட்டும் ஒரு வாய் குறைஞ்சிருந்துச்சு. சமையல்காரர் ரெண்டு நாள் யாரோடயும் பேசல. இப்ப யார் வர்றாங்க?"

"ரெண்டு பேர். அதே மேசை. வெண்ணெய், பால், பாலேடு எதுவும் கூடாது."

"எண்ணெயும் எலுமிச்சையும் தடவிக் கரியில சுட்டுத் தரோம்."

"அந்தக் கம்பியில வெண்ணெய் பட்டிருக்குமா?"

"தனிக் கம்பி இருக்கு."

"பரிமாறுகிற கரண்டி?"

"ஐயா, நீங்க சாப்பாட்டுக்கு வந்தீங்களா, விசாரணைக்கு வந்தீங்களா?"

இருந்தாலும் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். தட்டு, கம்பி, கரண்டி எல்லாம் பார்த்தேன். கோஷர் மேற்பார்வையாளரையும் பார்த்தேன். மொரோக்கோவிலிருந்து வந்த குடும்பமாம், உங்கள் வழக்கம் அவருக்குத் தெரியும். "இப்பத்தான் ஒருத்தராவது கேட்டீங்க" என்றார்.

ஜூலை முதல் வாரத்தில் மேசை சொல்லி வைத்திருக்கிறேன். தீர்ஸாவிடம் கேட்டேன். "அவன் வந்தா வரேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன். எலியாவை அனுப்புவீர்களா? நான் வரமாட்டேன்.

எல்ஹனான்

*

அஷ்தோத்
ஜூன் 28

சம்பந்தி,

கரண்டியைக்கூடப் பாத்தீங்களா? படிச்சுட்டு ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சேன். எலியாவ் என்னம்மான்னு கேட்டான். "உன் மாமனார் மீன் கடையில கரண்டியைக் கைது பண்ணிட்டு வந்திருக்கார்"னேன். அவனுக்கும் உதடு கொஞ்சம் அசைஞ்சுது.

அந்தச் சமயம் பாத்துக் கேட்டேன். போறேன்னுட்டான். அவ்வளவு சீக்கிரம் போறேன்னு சொல்வான்னு நான் எதிர்பாக்கல. வெள்ளைச் சட்டையை நானே இஸ்திரி போட்டேன். "நானே போட்டுக்கறேன்மா"ன்னான், குடுக்கல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வுநாளுக்கு மெழுகுவத்தி ஏத்துறதுக்கு முன்னாடி தீர்ஸா எனக்குப் போன் பண்ணுவா. ஏழு வருஷம் தவறாம. "அம்மா, ஏத்தப் போறீங்களா, நானும் ஏத்தப் போறேன்"னு, அவ்வளவுதான் பேச்சு. மார்ச்சுல நின்னுபோச்சு. வெள்ளிக்கிழமையானா நான் போனை அடுப்புமேடையில வெச்சுக்கிட்டே வேலை செய்யறேன். எண்ணெய் பட்டு எண்கள் அழிஞ்சுபோச்சு. என் சொந்த மகள் ரெண்டு பேரும் வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்றதில்ல, தெரியுமா?

நீங்க வராதீங்க. நானும் வரல. எதிர்த் தெருவுல நின்னு எட்டிப் பாக்கலாம்னு உங்களுக்குத் தோணும். பாக்காதீங்க. நீங்க எங்க ஒளிஞ்சாலும் தும்முவீங்க.

அவ சாப்பிட்டதை நான் மன்னிச்சுட்டேன்னு அவகிட்ட சொல்லுங்க. வேண்டாம், மன்னிப்புன்னு சொல்லாதீங்க. மெஸ்ஸோதி அம்மா கேட்டதாச் சொல்லுங்க, போதும்.

மெஸ்ஸோதி

*

அஷ்தோத்
ஜூலை 10

சம்பந்தி,

நீங்க எழுதுவீங்கன்னு ரெண்டு நாள் பாத்தேன். எழுதல. அப்போ உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

எலியாவ் நல்லா திரும்பி வந்தான். அதுதான் எனக்கு முதல்ல உதைச்சுது. சட்டை கசங்கல. முகம் தெளிவா இருந்துச்சு. நான் கதவுகிட்டயே பிடிச்சுக்கிட்டேன்.

"என்னடா பேசினீங்க?"

"நல்லாத்தாம்மா பேசினோம்."

"மீன் எப்படி?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. மாமாகிட்ட சொல்லணும்."

"அவ சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாளே. என் தட்டுல இருந்த ஆலிவைக்கூட எடுத்துக்கிட்டா."

ஆலிவை எடுத்துக்கிட்டாளாமே. "அப்புறம்?"னேன்.

"அப்புறம் ஃபிரிட்ஜை அவ வெச்சுக்கறாளாம், காரை நான் எடுத்துக்கலாமாம். செப்டம்பருக்கு முன்னாடி கோர்ட் தேதி கிடைச்சா வாடகை வீட்டை ஒப்படைச்சிடலாம். ரெண்டு பேருக்கும் சரிதான்."

சண்டை போட்டாங்களான்னு கேட்டேன். "எதுக்கும்மா சண்டை?"ன்னு என்னையே கேக்குறான். சிரிச்சாங்களாம். கல்யாணத்தன்னைக்கு நீங்க நாற்காலியைத் தேடி வேற ஒருத்தர் கல்யாணத்துக்குள்ள போய் உக்காந்த கதையைச் சொல்லிச் சிரிச்சாங்களாம். ரயில்ல தெரிஞ்சவங்க பக்கத்துல உக்காந்தா பேசுவோமே, அப்படி. ஸ்டேஷன் வந்ததும் அவங்கவங்க பெட்டியை எடுத்துக்கிட்டாங்க.

அன்னைக்கு எழுந்து போனானே, அந்தக் கோபம் இருந்த வரைக்கும் எனக்கு ஒரு பிடி இருந்துச்சு. கோபம் இருந்தா சமாதானம் பண்ணலாம். இப்ப எதைச் சமாதானம் பண்றது? வெள்ளைச் சட்டையைக் கழட்டி ஒழுங்கா ஹேங்கர்ல மாட்டிட்டுப் படுத்துத் தூங்கிட்டான். நான் அடுக்களையில உக்காந்து அழுதேன். எதுக்கு அழறேன்னு அவன் வந்து கேப்பானோன்னு பயமா இருந்துச்சு. கேக்கல.

கோர்ட்டுல விவாகரத்து முடியுற அன்னைக்கு நான் வரமாட்டேன். முழங்கால் வலின்னு சொல்லியிருக்கேன். வலியும் இருக்கு.

ஒண்ணு கேக்கணும். அந்தத் தேதிக்கு அப்புறம் நாம ரெண்டு பேரும் சம்பந்தி இல்லியே. புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சா முன்னாள் புருஷன்னு சொல்லலாம். முன்னாள் சம்பந்தின்னு யாராவது சொல்றாங்களா? நீங்கதான் சொல்லுங்க. வாழ்நாளெல்லாம் வார்த்தையைப் பாத்துக்கிட்டே இருந்தவர்.

மெஸ்ஸோதி

*

ஹைஃபா
ஆகஸ்ட் 31

உங்களை எப்படி அழைப்பது என்று யோசித்து இந்தத் தாளின் முதல் வரியை வெறுமையாகவே விட்டுவிட்டேன். அகராதிகள் பார்த்தேன். அப்படி ஒரு சொல் இல்லை. சம்பந்தி என்ற சொல்லைக் கொடுத்தவர்கள் யாரும் அதைத் திரும்ப வாங்க வேண்டிவரும் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது.

நேற்று முடிந்தது. நீங்கள் வராததால் எழுத வேண்டியது என் கடமை.

ரப்பிகளின் மத நீதிமன்றத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக எழுத்தர். கணவன் மனைவிக்குக் கொடுக்கும் விடுதலைச் சீட்டை அவர் அங்கேயே, புதுத் தாளில், இறகுப் பேனாவால் எழுதினார். உங்களுக்குத் தெரியும், அதில் ஓர் எழுத்து பிசகினாலும், ஒரு பெயர் தப்பாக விழுந்தாலும் அது செல்லாது. கணவன் பெயர், மனைவி பெயர், இரண்டு தகப்பன்மார் பெயர், வீட்டில் கூப்பிடுகிற பெயர்கள்வரை கேட்டுக்கேட்டு எழுதுவார்கள்.

நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அச்சுக் கட்டையைத் தலைகீழாகப் படித்துப் பழகியவன். எழுத்தரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மக்லூஃப் என்று எழுதினார், சரியாக இருந்தது. தீர்ஸா சரியாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் பிழை இருக்கக்கூடாது என்று உட்கார்ந்தவன், நேற்று ஒரே ஒரு பிழைக்காக ஏங்கினேன். ஒரு கோடு நீண்டால் போதும், ஒரு புள்ளி விழுந்தால் போதும். அன்றைக்கு நிறுத்திவிடுவார்கள், வேறு நாள் கொடுப்பார்கள். வேறு நாள் வந்தால் என்ன மாறிவிடும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் ஏங்கினேன்.

என் முறை வந்தது. நடுவில் இருந்த ரப்பி கேட்டார், "பெண்ணோட தகப்பனார் பேர் எப்படி எழுதறது? ஒரே வார்த்தையா, ரெண்டா? சொல்லுங்க." ஓர் எழுத்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. தீர்ஸா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சரியாகவே சொன்னேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன். "நல்ல தெளிவாச் சொல்றீங்க" என்றார் ரப்பி. எழுத்தர் அழகாக எழுதினார். பிழை இல்லை.

எலியாவ் அதை மடித்து அவளுடைய ஏந்திய கைகளில் போட்டான். அவள் கைகளை மூடினாள். சடங்குப்படி சீட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவுவரை நடந்து திரும்பி வந்தாள். முடிந்ததற்கு அடையாளமாக ரப்பி அதை வாங்கிக் கிழித்தார், அவ்வளவுதான். எலியாவ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பைப் பாத்துக்குங்க மாமா. அந்த மீன் நல்லா இருந்துச்சு, சொல்லணும்னு இருந்தேன்" என்றான்.

பிறகு தீர்ஸாவும் நானும் பேருந்துக்காக நின்றோம். நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். "வெள்ளிக்கிழமை போன் பண்ணட்டுமான்னு கேக்கலாம்னு நெனச்சேன்பா. ஆனா எதுக்குன்னு அவங்க கேட்டா என்ன சொல்றது?" என்றாள். நீங்களே எழுதுங்கள், அல்லது எழுதாமல் விடுங்கள். நான் சொல்லக்கூடாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. ஜூன் மாதத்திலிருந்து நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நீ எனக்காகச் சாப்பிட்டே, அதனாலதான் எல்லாம் கெட்டுப்போச்சு, என்னை மன்னிச்சுடும்மா" என்றேன்.

எதைப் பற்றிச் சொல்கிறேன் என்றே அவளுக்கு விளங்கவில்லை. நான் மீன் என்றேன், வெண்ணெய் என்றேன்.

"அதுவா? எனக்குப் பசிச்சுதுப்பா. மத்தியானம் சாப்பிடல."

"அவங்க வீட்டு வழக்கம்..."

"ஞாபகமே இல்ல. அவன் போனதுலேருந்து தனியாத்தானே சமைக்கிறேன், வெண்ணெய் போட்டுத்தான் சமைக்கிறேன். ஏழு வருஷம் செஞ்சது மூணு மாசத்துல மறந்துபோச்சு. நீங்க ஏதோ பழைய புத்தகம் பத்திப் பேசிட்டிருந்தீங்க, நான் கேக்கல. அவன் எழுந்தப்ப போன் வந்திருக்குன்னு நெனச்சேன்."

பேருந்து வந்தது. அவள் ஏறினாள். என்னுடையது வேறு பேருந்து.

ஆகவே ஜூன் 9-ஆம் தேதிக் கடிதத்தில் மூன்றாவது பகுதி தவறு. அவள் எனக்காகச் சாப்பிடவில்லை. நீங்கள் எழுதியபடி எலியாவுக்கு எதிராகவும் சாப்பிடவில்லை. தயவுசெய்து அந்தப் பகுதியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் எழுத என்னிடம் வேறு எதுவும் இல்லை.

எல்ஹனான்